வீழ்ந்த இடத்துக்கு மீளல்: அச்சம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

வீழ்ந்தவர் எழுதல் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எழுந்தவர் தாம் வீழ்ந்த அதே இடத்துக்கு மீண்டும் செல்லல் வேண்டுமா என்பதே வினா. பிழைப்புக்காக மரமேறும் ஒருவர் விழுந்து, குணமடைந்தபின் மீண்டும் மரமேறுகின்றார் எனின் அங்கு இவ்வினாவுக்கு அதிக இடமில்லை. வயிறு விடை கூறிவிடுகின்றது. போர்வீரனுக்குக் கட்டளை விடை கூறுகின்றது. ஆனால், எவரும் கட்டளையிடாத, ஊதியமோ பதக்கமோ கிடையாத ஒரு செயலில் உடல் முறிந்த ஒருவர், ஆண்டுகள் பல சென்றபின் தாமாகவே அச்செயலுக்கு மீள விரும்பினால், அவருடைய அச்சத்துக்கு விடை கூறுவார் யார்?

ஜிம்னாஸ்ரிக் எனப்படும் சீருடற்பயிற்சிக் கலை இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களமாகும். அது சிறுவருக்கே உரிய கலை என்று இன்று கருதுவோர் பலர். இக்கருத்து பழமையானதன்று. 1811ஆம் ஆண்டில் பிரீட்றிக் லூட்விக் யான் பேர்லினில் திறந்தவெளிப் பயிற்சிக்களத்தை அமைத்தபோது அங்கு திரண்டோர் மாணவரும் இளைஞருமாவர். 1956ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக் விழாவில் ஹங்கேரியின் அக்னெஸ் கெலெற்றி நான்கு தங்கப் பதக்கங்களைப் பெற்றபோது அவருக்கு வயது 35. 1976இல் மொன்றியலில் பதினான்கே வயதான நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்துப் புள்ளி பெற்ற பின்னரே, இக்கலையின் உருவம் பொதுமக்கள் மனத்தில் ஒரு சிறுமியின் உருவமாகப் பதிந்தது. அண்மைக் காலத்தில் பிரித்தானியா, அமெரிக்கா, ஜேர்மனி முதலிய நாடுகளின் கழகங்கள் முதிர்ந்தோருக்கென மாலைநேர வகுப்புகளை நடத்துகின்றன. அங்கு வருவோருள் புதிதாகக் கற்போரும் உளர். இளமையில் கற்று, இடையில் விட்டு, மீண்டும் வருவோரும் உளர். இவ்விரண்டாம் வகையினருள் காயத்தின் காரணமாக விட்டுச் சென்றவர்களே இக்கட்டுரையின் பொருளாகின்றனர்.

முப்பத்திரண்டு வயதான ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளலாம். பத்தொன்பதாவது வயதில், ஓடிவந்து கரணமடித்துத் தரையிறங்குகையில் அவருடைய முழங்கால் உள்நோக்கி மடங்கி, மூட்டினுள் குறுக்காகச் செல்லும் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், மாதக்கணக்கான பயிற்சி. பின்னர் படிப்பு, தொழில், இல்லறம். பதின்மூன்று ஆண்டுகளின் பின் அவர் மாலைநேர வகுப்பொன்றிற் சேர்கின்றார். மூட்டு உறுதியாக உள்ளது என வைத்தியர் கூறிவிட்டார். இரு கால்களின் வலுவும் அளந்து பார்க்கப்பட்டுச் சமமெனக் கண்டாயிற்று. ஆயினும் அவர் ஓடத் தொடங்கிப் பாய வேண்டிய அடியை வைக்கும்போது கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. ஒருமுறையன்று, ஒவ்வொரு முறையும். அவரைக் கோழை எனல் பொருந்தாது. மகப்பேற்றின் வேதனையைக் கண்டவர் அவர். வாழ்க்கையில் இதனினும் பெரிய இடர்களை எதிர்கொண்டவர். இங்கு மட்டும் விருப்பம் ஓடுகின்றது, உடல் நிற்கின்றது.

இந்நிலை அவர் ஒருவருக்கே உரியதன்று. முழங்கால் முன்தசைநார்ச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோர் பற்றிய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2014இல் வெளியான மதிப்பீடு ஒன்று, நூற்றுக்கு 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர் என்றும், காயத்துக்கு முன்னிருந்த நிலைக்குத் திரும்பியோர் 65 பேரே என்றும், போட்டி விளையாட்டுக்குத் திரும்பியோர் 55 பேரே என்றும் காட்டியது. மூட்டு குணமடைந்த பின்னரும் திரும்பாதோர் கூறும் காரணங்களுள் மீண்டும் காயமுறுவோம் என்னும் அச்சம் முதன்மையானது. 1990ஆம் ஆண்டு முதல் உளவியலாளர் இத்தகைய அச்சத்துக்குத் தனிப்பெயர் இட்டு, அதனை அளப்பதற்கு வினாக்கொத்துகளையும் வகுத்துள்ளனர்.

பெயரிட்டவுடன் அது ஒரு நோயாகிவிடுகின்றது. நோயெனின் ஒழிக்கப்பட வேண்டியதே என்ற முடிவும் உடன்வருகின்றது. பயிற்சிக்கூடங்களில் வழங்கும் பேச்சும் இதற்கு இசைவானதே. அச்சத்தை வெல்க, அச்சத்தை மிதித்து முன்னேறுக என்பனவே அங்கு கேட்கும் அறிவுரைகள். ஆனால் மற்றொரு கணக்கும் உண்டு. 2016இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, அச்சத்திரசிகிச்சைக்குப் பின் விளையாட்டுக்கு மீண்ட 25 வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 23 பேர் அதே தசைநாரிலோ மறுகாலின் தசைநாரிலோ இரண்டாம் முறையும் காயமுற்றனர். அவ்வாண்டிலேயே வெளியான பிறிதோர் ஆய்வு, சத்திரசிகிச்சையின் பின் ஒன்பது மாதம் நிறையும்வரை மீள்வரவைத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் வாய்ப்பைப் பெரிதும் குறைத்ததெனக் கண்டது. அதாவது, நின்றுவிடும் கால்கள் பொய் சொல்லவில்லை. அவை ஒரு காலத்தில் முற்றிலும் உண்மையான செய்தியையே கூறின. இன்றும் அது உண்மையா என்பதே ஆராயப்பட வேண்டியது.

அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருத்தலை அறிவின்மை என வள்ளுவர் கூறியதை அறியாத தமிழ் மாணவர் இலர். அவர் அக்கருத்தைப் படைவீரரின் பெருமிதத்தைப் பேசும் அதிகாரத்தில் வைக்காது, அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்தமை கவனத்துக்குரியது. அச்சத்தை அவர் உள்ளத்தின் வலிமை, வலிமையின்மை என்னும் கணக்கில் சேர்க்கவில்லை; அறிவின் கணக்கில் சேர்த்தார். கிரேக்கத்திலும் இவ்வாறே ஓர் உரையாடல் நிகழ்ந்தது. பிளேற்றோவின் ‘லாக்கீஸ்’ என்னும் நூல் உடற்பயிற்சி பற்றிய ஒரு வினாவுடனேயே தொடங்குகின்றது: தம் புதல்வருக்குப் படைக்கலப் பயிற்சி அளிக்கலாமா எனத் தந்தையர் இருவர் கேட்கின்றனர். பேச்சு துணிவு என்பது யாது என்ற வினாவுக்குத் திரும்புகின்றது. உள்ளத்தின் ஒருவகை உறுதிப்பாடே துணிவு என்கிறார் தளபதி லாக்கீஸ். அப்படியாயின், நீச்சலும் மூழ்கலும் கற்றுக் கிணற்றில் இறங்குபவர் துணிவுள்ளவரா, அவற்றைக் கல்லாது இறங்குபவர் துணிவுள்ளவரா எனச் சோக்கிரதீஸ் வினவுகின்றார். கல்லாதவரே அதிக துணிவுள்ளவர் என லாக்கீஸ் ஒப்புக்கொள்ள நேர்கின்றது. ஆனால் அறிவற்ற உறுதிப்பாடு இழிவானது என்பதை அவர் முன்னரே ஏற்றிருந்தார். இம்முரண்பாட்டிலிருந்து அவரால் மீள முடியவில்லை. அஞ்சத் தக்கது எது, நம்பத் தக்கது எது என்று அறியும் அறிவே துணிவு என்று நிக்கியாஸ் பின்னர் கூறும் விடையும் இறுதிவரை நிலைபெறவில்லை. எனினும் அவ்விடையின் ஒரு பகுதி விட முடியாதது. அச்சத்தை ஒழித்தல் ஒரு செயல், அச்சத்தை விசாரித்தல் வேறொரு செயல். துணிவு பின்னதனோடு உறவுடையது.

விசாரிக்க மறுத்ததன் விளைவை இக்கலையின் வரலாறே காட்டுகின்றது. சோவியத் வீராங்கனை எலேனா முக்கினா 1978ஆம் ஆண்டு ஸ்ராஸ்பேர்க்கில் நடைபெற்ற உலகப் போட்டியில் முதலிடம் பெற்றவர். 1979இல் அவருடைய கால் முறிந்தது. 1980ஆம் ஆண்டின் மொஸ்கோ ஒலிம்பிக் விழா அண்மித்துக்கொண்டிருந்தது. கால் பழைய வலுவைப் பெறுமுன்னரே அவர் பயிற்சிக்குத் திருப்பப்பட்டார். அமெரிக்க வீரர் கேர்ட் தோமஸின் பெயரால் வழங்கும் கரணம் ஒன்றை அவர் பழக வேண்டியிருந்தது. பின்னோக்கி ஒன்றரை முறை சுழன்று, உடலையும் ஒன்றரை முறை திருகி, தலையை உள்வாங்கி உருண்டு தரையைச் சேரும் பாய்ச்சல் அது. உயரம் சற்றுக் குறைந்தாலும் கழுத்தே தரையைச் சந்திக்கும். உந்தி எழுவதற்கோ முறிந்து ஆறிய காலின் வலு வேண்டும். அக்கரணம் தம் கழுத்தை முறிக்கும் எனத் தாம் அஞ்சியதையும், அவ்வச்சத்தைத் தெரிவித்தும் அது பொருட்படுத்தப்படாமற் போனதையும் அவர் பின்னாளிற் கூறினார். 1980 யூலை மாதம், ஒலிம்பிக் விழாவுக்கு இரு வாரங்களே இருக்கையில், மின்ஸ்க் நகரிற் பயிற்சியின்போது அவர் கழுத்து முறிய வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. அதன்பின் 2006ஆம் ஆண்டு இறக்கும்வரை கை கால் இயங்காதவராகவே வாழ்ந்தார். அப்பாய்ச்சல் பெண்களுக்குப் பின்னர் தடைசெய்யப்பட்டது.

முக்கினாவின் அச்சம் உடலின் நிலையைப் பற்றிய சரியான அறிவாக இருந்தது. மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை என்பதே அங்கு குறை. மறுக்க இயலாத இடத்தில் இசைவுக்கும் பொருளில்லை. அவர் பாய்ந்ததைத் துணிவு என்று புகழ்வோர், அறிந்தோ அறியாமலோ, அவரை ஏவியவர்களின் பொறுப்பை மறைத்துவிடுகின்றனர்.

ஆயின், அச்சம் கூறும்போதெல்லாம் நின்றுவிடுவதே அறிவுடைமை என முடிவு செய்யலாமா? இக்கலையைச் சற்றேனும் அறிந்தவர் அவ்வாறு முடிவு செய்யார். ஏனைய துறைகள் பலவற்றில் தயங்குபவர் பாதுகாப்பாக இருக்கின்றார். வண்டியை மெதுவாக ஓட்டுபவரும், படிக்கட்டில் கைபிடித்து இறங்குபவரும் தம் அச்சத்தாற் பயன் பெறுகின்றனர். கரணமடிப்பவருக்கோ அரைமனமே பெரும் பகை. முழு விசையுடன் உந்தி எழுந்தவர் சுழற்சியை முடிப்பதற்குப் போதிய உயரம் பெறுகின்றார். பாதி விசையுடன் எழுந்தவரும், காற்றில் இருக்கையில் மனம் மாறி உடலை விரிப்பவரும் முதுகிலோ தலையிலோ வந்து விழுகின்றனர். காயத்தைத் தவிர்க்க எழுந்த அச்சம் காயத்துக்கே காரணமாகின்றது. அச்சம் ஆபத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் இருந்திருப்பின் இவ்விடர்ப்பாடு தோன்றாது. இங்கு செய்தியே ஆபத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. அறவியலாளர் துணிவைப் பற்றிப் பேசுகையில் போர்க்களத்தையே பெரிதும் உதாரணமாகக் கொண்டமையால் இதனை அதிகம் கவனித்தாரல்லர். அரிஸ்ரோட்டில் சிறந்த துணிவைப் போர்க்களத்து மரணத்தின் முன்னிலையிற் கண்டார். மாலைநேர வகுப்பில் மெத்தையின் முன் நிற்கும் பெண்ணை அவர் கணக்கில் எடுத்திருப்பாரோ என்பது ஐயமே. எனினும் அஞ்சத் தக்கதற்கு, தக்க முறையில், தக்க காலத்தில் அஞ்சுதல் வேண்டும் என்று அவர் கூறியதில், காலம் என்னும் சொல் இங்கு புதிய பொருள் பெறுகின்றது. அச்சத்துக்கு உரிய காலம் ஒன்று உண்டு. அது கால் தரையை விட்டு எழுவதற்கு முந்திய காலம். அக்காலத்தில் அச்சம் மந்திரி போன்றது. அதன் சொல் முழுவதையும் கேட்டல் வேண்டும். எழுந்தபின்னோ அதற்குச் செவிசாய்த்தல் கூடாது. ஆகவே, ஐயம் நீங்காதவர் பாயாதிருப்பதும் ஐயம் நீங்கியவர் முழுமனத்துடன் பாய்வதும் ஒரே அறிவின் இரு முகங்களாகும். இரண்டுக்கும் இடைப்பட்டதே ஆபத்தானது.

2021ஆம் ஆண்டில், 2020க்கென முன்னர் நியமிக்கப்பட்டிருந்த ரோக்கியோ ஒலிம்பிக் விழாவில், அமெரிக்காவின் சீமோன் பைல்ஸ் இதனையே உலகறியச் செய்தார். யூலை 27ஆம் நாள் பாய்ச்சல் மேசையில் இரண்டரை முறை திருக வேண்டிய அவர் ஒன்றரை முறையே திருகி இறங்கினார். காற்றில் தம் உடல் எங்குள்ளது என்னும் உணர்வு அவரை விட்டு அகன்றிருந்தது. அவர் உடனே குழுப்போட்டியிலிருந்து விலகினார். அவரைக் கோழை என்று ஏசியோர் அன்று பல நாடுகளிலும் இருந்தனர். சில நாட்களின் பின் சமநிலைச் சட்டத்தில் அவர் போட்டியிட்டு வெண்கலம் பெற்றபோது, இறங்கும் பாய்ச்சலில் திருகல் இல்லாதவாறு அதனை மாற்றியமைத்திருந்தார். எது தம்மால் அன்று முடியாதது, எது முடியும் என்பதை அவர் துல்லியமாக வகுத்திருந்தார் என்பதற்கு இம்மாற்றமே சான்று. 2024இல் பாரிஸ் நகரில் அவர் திருகல்களுடன் மீண்டு வந்து மூன்று தங்கங்களைப் பெற்றமை மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவ்வெற்றி கிட்டாதிருப்பினும் ரோக்கியோவில் அவர் செய்த தீர்மானம் சரியானதாகவே இருந்திருக்கும்.

முதிர்ந்தவரின் நிலை இதனினும் சிக்கலானது. பைல்ஸ் ஒரு வாரத்துக்கு முன்னிருந்த தம் உடலை இழந்தார். முதிர்ந்து மீள்பவரோ பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னிருந்த உடலை மனத்திற் சுமந்துகொண்டு வருகின்றார். பிரெஞ்சு மெய்யியலாளர் மேர்லோ-பொன்ரி, 1945இல் வெளியான ‘புலக்காட்சியின் நிகழ்வியல்’ என்னும் நூலில், கை கால் இழந்தோர் அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாக உணர்வதை ஆராய்கையில், பழக்கத்தின் உடல் என்றும் இக்கணத்தின் உடல் என்றும் இரண்டை வேறுபடுத்துகின்றார். இங்கும் இவ்விரண்டும் ஒன்றையொன்று பொருந்தாது நிற்கின்றன. பழக்கத்தின் உடல் பதினெட்டு வயதின் உயரத்தை நினைத்து உந்துகின்றது. முப்பத்திரண்டு வயதின் தசை அவ்வுயரத்தைத் தருவதில்லை. பதினெட்டில் கற்ற திறமையை மட்டுமன்றிப் பத்தொன்பதில் கற்ற அச்சத்தையும் அதுவே காத்து வைத்திருக்கின்றது. ஆகவே மீள்பவரிடம் இரு பிழைகள் ஒருங்கே காணப்படுகின்றன: அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை, அளவுக்கு மிஞ்சிய அச்சம். இரண்டும் இன்று இல்லாத ஓர் உடலைப் பற்றியவை. ‘மீள்தல்’ என்னும் சொல்லே இவ்வகையில் தவறான வழியைக் காட்டுகின்றது. பழைய இடத்துக்கு எவரும் மீள்வதில்லை. அவ்விடம் அங்கு இல்லை. இன்றைய உடல் யாது செய்யும் என்பதை அவர் முதலிலிருந்து அறிய வேண்டியவராகின்றார். இவ்வகையில், ஒன்றும் கல்லாது புதிதாய் வந்தவர் அவரைவிட நல்வாய்ப்புடையவர்.

அச்சம் எவ்வாறு தளர்கின்றது என்பது பற்றி உளவியல் கூறுவதும் இதற்கு இயைபானதே. மணியோசையுடன் உணவைப் பெற்றுப் பழகிய நாய்க்கு, பின்னர் ஓசை மட்டும் கேட்டு உணவு கிடையாதெனின் உமிழ்நீர் சுரத்தல் நின்றுவிடும். ஆனால் சிறிது காலம் ஓய்வளித்து மீண்டும் ஓசையெழுப்பினால் அது மறுபடி சுரப்பதைப் பவ்லோவ் கண்டார். கற்றது அழியவில்லை, அதன்மேல் மற்றொன்று கற்கப்பட்டது, அவ்வளவே. அச்சமும் இத்தகையது. அது துடைத்தெறியப்படுவதில்லை, அதன் அருகே வேறோர் அநுபவம் வைக்கப்படுகின்றது. பாம்புக்கு அளவுகடந்து அஞ்சுவோரைக் கொண்டு 1969இல் பண்டூராவும் அவர்தம் துணைவரும் நடத்திய ஆய்வில், சொற்களைக் காட்டிலும், காட்சியைக் காட்டிலும், ஒருவர் துணையிருக்கப் படிப்படியாகத் தாமே செய்து பார்த்தலே அதிக பயன் தந்தது. பயிற்சிக்கூடங்கள் இதனை ஆய்வாளருக்கு முன்னரே அறிந்திருந்தன. சமநிலைச் சட்டம் ஐந்து மீற்றர் நீளமும் பத்துச் சென்ரிமீற்றர் அகலமும் உடையது. தரையிலிருந்து 125 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்பது. அவ்வுயரத்துக்குச் செல்லுமுன் தரையில் வரைந்த கோட்டிலும், பின்னர் தரையோடு படிந்த சட்டத்திலும், பின்னர் இருபுறமும் மெத்தை அடுக்கிய சட்டத்திலும் அதே செயல் பழகப்படுகின்றது. நுரைத்துண்டுகள் நிறைந்த குழியில் விழுந்து விழுந்து, விழுதல் என்பதே கற்கப்படுகின்றது.

இப்படிகளுள் ஒன்று தனியே நோக்கத்தக்கது. கரணமடிப்பவரின் இடுப்பின் கீழ் பயிற்றுநர் தம் கையை வைத்துத் தாங்குகின்றார். நாளடைவில் அக்கையின் பாரம் குறைகின்றது. இறுதியில் கை விலகுகின்றது. எப்போது விலகியது என்பதை அறிவிக்க வேண்டுமா? அறிவிக்காமலே கையை எடுத்துவிட்டு, ‘பார்த்தீர்களா, தனியாகவே செய்துவிட்டீர்கள்’ என்று கூறும் பயிற்றுநர் உளர். அவர்களுடைய நோக்கம் நல்லதே. பல வேளைகளில் பலனும் நல்லதாகவே அமைகின்றது. சிறுவர் சிரித்துவிட்டு மறுபடி ஓடுவர். ஆனால் ஒருமுறை முறிந்த முதிர்ந்தவரிடம் இவ்வுபாயம் இரண்டு கேடுகளை விளைக்கின்றது. அவர் இனிமேல் தாங்கும் கை இருக்கும்போதும் அது இருக்கின்றதா என ஐயுறுவார். அச்சத்துடன் அவநம்பிக்கையும் சேர்ந்துவிடும். அன்றியும், அவர் அடைந்த வெற்றி அவருடையதன்று. அவர் தீர்மானிக்காத ஒரு செயல் அவருடைய உடலைக்கொண்டு நடத்தப்பட்டது, அவ்வளவே. முக்கினாவை ஏவிய கட்டளையும் இவ்வன்பான பொய்யும் அளவில் மலையும் மடுவும் போன்றவை. எனினும் இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றன: தம் அச்சத்தைத் தாமே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை மற்றொருவர் எடுத்துக்கொள்கின்றார். ‘இம்முறை கையை எடுக்கப் போகின்றேன்’ என்று சொல்லிவிட்டு எடுப்பவரின் வகுப்பில் முன்னேற்றம் தாமதமாகலாம். அத்தாமதத்துக்கு மதிப்புண்டு.

இனி, இவை அனைத்துக்கும் அடிப்படையான ஆட்சேபம் ஒன்றை எதிர்கொள்ளல் வேண்டும். எதற்காக மீள வேண்டும்? பதக்கமில்லை, பார்ப்போருமில்லை. வீட்டிலே குழந்தை உண்டு. முழங்கால் மீண்டும் முறிந்தால் அக்குழந்தையைத் தூக்குவார் யார்? தன்னைச் சார்ந்த செயலில் தனிமனிதருக்குப் பூரண உரிமை உண்டு என மில் வாதிட்டார். ஆனால் பிறருக்குக் கடமைப்பட்டவரின் காயம் அவரை மட்டும் சார்ந்ததன்று என்பதை அவரும் மறுக்கவில்லை. இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. அது மீள்பவரின் கணக்கில் சேர்க்கப்படவே வேண்டும். எவ்வுயரம், எம்மெத்தை, எத்தனை மாதக் காத்திருப்பு என்பவற்றை அதுவே தீர்மானிக்கலாம். ஆயினும் அது முழுவிடையாகாது. பயனில்லாத செயலில் இடரேற்றல் கூடாது எனின், மனிதர் மகிழ்ச்சிக்காகச் செய்யும் பெரும்பாலானவற்றைக் கைவிட நேரும். 2005ஆம் ஆண்டின் உலக வெற்றியாளரான அமெரிக்காவின் செல்சி மெமல், இரு குழந்தைகளின் தாயாக, ஒன்பது ஆண்டு ஓய்வின் பின் 2021இல் தம் முப்பதுகளிற் போட்டிக்களத்துக்கு மீண்டார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிற்றினா 46ஆம் வயதில் ரோக்கியோவில் தம் எட்டாவது ஒலிம்பிக் விழாவிற் பங்குபற்றினார். இவர்களிடம் ஒரு நாடு எதனையும் கட்டளையாகக் கேட்கவில்லை. 1976இல் மொன்றியலில் முழங்காற் சில்லு முறிந்த நிலையிலும் வளையங்களில் ஏறி இறங்கிய யப்பானிய வீரர் சுன் புஜிமோட்டோவின் செயல் பலராலும் போற்றப்படுகின்றது. அவருடைய குழு 0.40 புள்ளியால் சோவியத் குழுவை வென்றது. அவர் காயத்தை மறைத்து ஏறினார். அதனை வியக்கலாம், பிறருக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துதல் தகாது. முறிவை மறைக்க வேண்டிய தேவையே இல்லாத மாலைநேர வகுப்பில்தான், அச்சம் தன் வாயைத் திறந்து பேச இடமுண்டு.

பிரேசில் நாட்டின் றெபெக்கா அன்ட்றாடேயின் வலது முழங்காலில் 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் மும்முறை அதே தசைநார் அறுந்தது. மும்முறையும் அவர் மீண்டார். ரோக்கியோவில் பாய்ச்சலில் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸில் தரைப்பயிற்சியிலும் தங்கம் வென்றார். தரைப்பயிற்சி முழங்காலை மிக அதிகமாக வருத்துவது. அதிலேயே உலகின் முதலிடத்தைப் பெற்ற பின்னர், இனி அதிற் போட்டியிடுவதில்லை என அவர் அறிவித்தார். மும்முறை மீண்டவரை அச்சத்துக்குப் பணிந்தவர் எனக் கூற எவருக்கும் துணிவு வராது. மீளத் தெரிந்தவராதலின், நிறுத்தவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கற்பனையில் வரைந்த அந்தப் பெண்ணிடம் திரும்பினால், அவர் இன்னும் ஓட்டப்பாதையின் முடிவில் நிற்கின்றார். இவ்வளவு நாளும் தம் கால்கள் நின்றமைக்காக அவற்றைச் சினந்து வந்தார். இன்று மாலை அவர் பயிற்றுநரிடம் சென்று, மெத்தையை இன்னும் இரண்டு அடுக்கு உயர்த்தும்படி கேட்கின்றார். கை வைக்கும்படியும், எடுப்பதாயின் சொல்லிவிட்டு எடுக்கும்படியும் கேட்கின்றார். அருகில் பத்து வயதுச் சிறுமியர் அவ்வுயரத்துக்கு மெத்தை தேவையின்றியே பாய்ந்துகொண்டிருக்கின்றனர். ஓரிருவர் திரும்பிப் பார்க்கின்றனர். அவர் பாதையின் தொடக்கத்துக்கு நடந்து சென்று, தம் காலடிகளை எண்ணிக் குறித்துக்கொள்கின்றார். முதல்முறை நின்றுவிடுகின்றார். இரண்டாம் முறையும் நின்றுவிடுகின்றார். பயிற்றுநர் எதுவும் கூறாது மெத்தையின் விளிம்பைச் சரிசெய்கின்றார். மூன்றாம் முறை ஓடத் தொடங்குமுன், அவர் முழங்காலைக் குனிந்து ஒருமுறை தொட்டுப் பார்க்கின்றார்.